ஐம்பது மீட்டருக்குள்

கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஸ்வாவா சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் அவள் கணவன் கெஸ்துர் செத்துக்கொண்டிருந்தான். அது ஆஸ்பத்திரி இரவல் கொடுத்த கட்டில்; நகர்த்தும்போதெல்லாம் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. நகர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவள்தான் காலையிலிருந்து அதை ஜன்னலோரம் தள்ளுவதும், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று திரும்ப இழுப்பதுமாக இருந்தாள்.

“அடியில என்ன பண்றா?” என்று கெஸ்துர் கேட்டான். குரல் நன்றாக மெலிந்துவிட்டிருந்தது.

“எஞ்சின் பாக்கறா,” என்றாள் அவனுடைய அக்கா ஓட்னி. “இன்னும் கொஞ்ச நேரத்துல உன் கட்டில் தானா கடலுக்குப் போகும்.”

கெஸ்துர் சிரிக்கப் பார்த்தான். அது இருமலாகி முடிந்தது. ஸ்வாவா வெளியே வந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவன் தலையணையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த தலையணை அது. பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அதில் இருந்த நல்ல தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே குழாயில் பிடித்து வந்தாள்.

ஓட்னி இதையெல்லாம் பின்னல் ஊசிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த நாளாக அவள் கட்டிலோர நாற்காலியைவிட்டு அசையவில்லை. அவள் மடியில் ஒரு கம்பளிச் சட்டை கழுத்திலிருந்து கீழாக வளர்ந்துகொண்டே வந்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. உட்காருவது ஒரு கலை என்றால் அதில் அவளுக்குப் பட்டமே கொடுக்கலாம். ஸ்வாவாவோ குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் கூடத்துக்கும் அலைந்தாள்.

வடகோடிக் கடலோர ஊரின் ஜூலை மாதம். சூரியன் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிடுகிற காலம். இருட்டாவது வந்தால் மனுஷி படுக்கையில் விழுவாள். வெளிச்சம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, எழுந்திரு, ஏதாவது செய் என்று அவளை விரட்டிக்கொண்டிருந்தது. அவளும் செய்தாள். கூடத்தில் அலமாரிக் கீலை மாற்றினாள். படகின் ஜெர்ரி கேன்களைக் கொண்டுவந்து குளியலறையில் கழுவினாள். கெஸ்துரின் நகத்தை இரண்டு முறை வெட்டினாள்.

காலையில் வந்த நர்ஸ், மருந்து ஊசியைச் சரிபார்த்துவிட்டு, வாசலில் காலணி மாட்டும்போது சொன்னாள்: “இன்னும் ரெண்டு மூணு நாள் இருப்பார்னு தோணுது. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கோ, ஸ்வாவா. அது போதும்.”

அதுதான் அவளால் முடியவில்லை. கையைப் பிடித்து உட்காருவாள். கெஸ்துர் ஒரு மூச்சு விடுவான். பிறகு ஒன்றுமே இருக்காது. அறையே காதாகிவிடும். அடுத்த மூச்சு வருவதற்குள் அவள் எழுந்து ஏதாவது ஒரு வேலையில் இருப்பாள். இருபது வருடங்களுக்கு மேலாக, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே காத்திருந்து சம்பாதித்தவள் அவள்; ஊருக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போய்த் திமிங்கிலம் காட்டுவது அவர்கள் தொழில். திமிங்கிலம் ஊதிவிட்டு முங்கும், திரும்ப வரும், எங்கே வரும் என்பதுதான் கேள்வி, வருமா என்பது அல்ல. வீட்டில் அந்த உத்தரவாதம் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் போகும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையும் அதே நெஞ்சில்தான் இருந்தது.

பத்து மணிப் பயணத்துக்குச் சற்று முன்னால் பெயாத்தா போன் செய்தாள். பெயாத்தா போலந்துக்காரி, மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவளைக் கெஸ்துர்தான் இழுத்துவந்து, படகில் வழிகாட்டியாக்கிப் பேசப் பழக்கினான். அவன் படுத்த பிறகு மைக் அவள் கைக்குப் போயிருந்தது.

“மாத்தாள் மாலுமிக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு,” என்றாள். “படியில ஏறவே முடியல. நாப்பது பயணிகள் குளிருக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. நான் ரத்து பண்ணிடவா?”

“பண்ணிடு,” என்றாள் ஸ்வாவா.

“என்ன பண்ணிடு?” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. காது மட்டும் அவனுக்கு இன்னும் கூர்மையாகத்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், “நீ போ,” என்றான்.

“உளறாத.”

“உளறல, கேப்டன். நீ இங்க நடந்து நடந்து எனக்குக் கால் வலிக்குது. போய் ஒரு சுத்து சுத்திட்டு வா. மதியத்துக்குள்ள நான் எங்க போயிடப் போறேன்? செருப்புகூட இல்ல.”

ஓட்னியின் ஊசி நின்றது. “நல்லாயிருக்கு. போகச் சொல்றவனும் நல்லாயிருக்கான், போகத் துடிக்கறவளும் நல்லாயிருக்கா. ஏம்மா, நடுக்கடல்ல ஒரு மீனுக்காக மணிக்கணக்கா நிப்பே. புருஷன் பக்கத்துல ஒரு காப்பி குடிக்கற நேரம் உக்கார முடியலையா உன்னால?”

“திமிங்கிலம் மீன் இல்லக்கா,” என்றான் கெஸ்துர், கண்ணை மூடியபடி.

யாரும் சிரிக்கவில்லை. ஓட்னி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதால் ஸ்வாவாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் குனிந்து கெஸ்துரின் நெற்றியில் முத்தமிட்டாள். அவன் தோலில் எஞ்சின் எண்ணெய் வாடை ஒட்டிக்கொண்டது. “மதியத்துக்கு வந்திடுவேன்,” என்றாள். வாசலில் பூட்ஸை மாட்டிக் கயிற்றை இறுக்கினாள். வெளியே வந்ததும் ஒரு பெருமூச்சு வந்தது. அது நிம்மதி என்று தெரிந்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் அவள் ஓடினாள்.

அவர்களுடைய படகின் பெயர் கிரீமா. ஒரு காலத்தில் காட் மீன் பிடித்த ஓக் மரப் படகு. இப்போது அதே பலகைகளில் ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் கிழவன் கிழவியுமாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் பெயாத்தா மைக்கை எடுத்தாள்.

“படகோட மூக்குதான் பன்னிரண்டு மணி. வால் ஆறு மணி. நான் மூணு மணின்னு கத்தினா வலது பக்கம் பாருங்க, கைக்கடிகாரத்தைப் பாக்காதீங்க. போன வாரம் ஒருத்தர், ‘அய்யோ, மூணு மணிவரைக்கும் நிக்கணுமா’ன்னு கேட்டார்.”

கெஸ்துரின் வார்த்தைகள். கெஸ்துரின் போன வாரம். அது இருபது வருடமாகப் போன வாரம்தான். நகைச்சுவையை மட்டுமல்ல, அதன் நடுவே அவன் விடுகிற இடைவெளியையும் பெயாத்தா அப்படியே பிடித்துவைத்திருந்தாள். ஸ்வாவா சுக்கான் அறையின் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள்.

லுண்டே தீவை நெருங்கும்போது பஃபின் பறவைகள் தண்ணீரைத் தட்டித் தட்டி ஓடி, எழும்ப முடியாமல் எழும்பின. பயணிகள் சிரித்தார்கள். பஃபினைப் பார்த்தால் சிரிக்காத மனிதன் இல்லை. கோட்டு போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குத் தாமதமாக ஓடுகிற மாமாவைப் போல இருக்கும். ஆலாப் பறவைகள் தலைக்கு மேல் வந்து திட்டின. ஸ்வாவா அவற்றையெல்லாம் பார்க்கவில்லை. மேற்கே, பனி மிச்சமிருக்கிற மலைகளுக்குக் கீழே, வெள்ளைப் பறவைகள் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருப்பதை அவள் கண் எப்போதோ பிடித்துவிட்டது. கீழிருந்து எதுவோ மீன் கூட்டத்தை மேலே தள்ளுகிறது. பறவை பொய் சொல்லாது.

அங்கே போய், எஞ்சினை அணைத்தாள்.

மற்ற படகுக்காரர்கள் திமிங்கிலத்தைத் துரத்துவார்கள். ஸ்வாவா துரத்த மாட்டாள். நிறுத்திவிட்டு இருப்பாள். அவள் நின்ற இடத்துக்குத் திமிங்கிலம் வருகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சூனியக்காரி என்று இன்னொரு படகுக்காரன் தோர்பி கிண்டல் செய்வான். கை மடியில் கிடக்க, கண் மட்டும் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் எஞ்சின் அடங்கியதும் அவள் உடம்பும் தானாக அடங்கிவிட்டது. இங்கே முடிகிறது, அங்கே முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. அவசரமாகத் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

வளையத்துக்குள் தோர்பியின் படகு விழுந்தது. கூப்பிடு தூரத்துக்கு அப்பால், அதுவும் நின்றுகொண்டிருந்தது. தோர்பி கெஸ்துரின் பால்ய சிநேகிதன். தொழிலில் போட்டிக்காரன், வீட்டில் பாதி நாள் சாப்பாட்டுக்காரன். இந்த நேரத்துக்கு அவன் வடக்கு முனையில் இருக்க வேண்டியவன். இங்கே ஏன் வந்து நிற்கிறான் என்று பார்த்தவள், அவன் படகின் பின்பக்கத்தில் கொடி பாதிக் கம்பத்தில் தொங்குவதைக் கண்டாள். முடிச்சு நழுவியிருக்கும். தோர்பியின் முடிச்சுகளைப் பற்றி விரிகுடா முழுக்கச் சிரிப்பது வழக்கம். அவன் கட்டிய படகு ஒருமுறை அவனை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியிருக்கிறது.

பேச ஏதோ கிடைத்த சந்தோஷத்தில் அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். எல்லாப் படகுகளும் காது வைத்திருக்கிற பொதுச் சானல்.

“என்னய்யா தோர்பி, உன் கொடி நழுவி இறங்கிடுச்சு பாரு. முடிச்சுப் போடத் தெரியாதவனுக்கெல்லாம் படகு எதுக்கு? கெஸ்துர் பாத்தான்னா ஒரு வாரத்துக்கு உன்னைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்.”

பதில் வரவில்லை. தோர்பியின் வாயை அடைத்துவிட்டோம் என்று ஒரு நொடி அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்கள் யாராவது ஒத்து ஊதுவார்கள் என்று காத்திருந்தாள். அந்தச் சானலில் அத்தனை அமைதியை அவள் கேட்டதே இல்லை. தொலைநோக்கியைத் திருப்பினாள். தெற்கே, பெரிய வெள்ளைப் படகு. அதன் பின்பக்கத்தில் ஒருவன் கொடிக் கயிற்றைப் பிடித்து மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்திக் கட்டினான்.

“நழுவல, ஸ்வாவா,” என்றது தோர்பியின் குரல். “நான்தான் இறக்கினேன்.”

அவள் தொலைநோக்கியை இறக்கினாள்.

“ஓட்னி போன் பண்ணா. கரைக்கு வர்ற வரைக்கும் உன்கிட்ட சொல்ல வேண்டாம், நாப்பது பேரை வெச்சுக்கிட்டுப் படகு ஓட்டறா, பக்கத்துல போய் நில்லுன்னா. நான் சரின்னுதான் வந்தேன். கை கேக்கல. அவன் போயிட்டான்னு தெரிஞ்சும் கொடியை மேல விட்டுட்டு நிக்க முடியல. யோசிக்காம இறக்கிட்டேன். மன்னிச்சுடு.”

“எப்போ?”

“நீ தீவுகிட்ட இருந்தப்போ.”

“சரி,” என்றாள்.

கருவியை அதன் கொக்கியில் மாட்டினாள். ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள், எஞ்சின் உறுமியது. கியர் கம்பியில் கை வைத்தாள். வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. அவள் மனதில் வேறு எதுவுமே இல்லை.

“ரெண்டு மணி!” என்று பெயாத்தா கத்தினாள். “ரெண்டு மணிப் பக்கம், ரொம்பக் கிட்டக்க!”

தண்ணீர் வெளுத்து, பச்சையாகி, அதற்குள்ளிருந்து ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் படகின் பக்கவாட்டில் எழுந்தது. ஊதியது. பயணிகள் முகமெல்லாம் தண்ணீர். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். அது முங்கிப் போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு சிறு தோணி அளவுக்கு வெள்ளையான துடுப்புக் கையைத் தூக்கித் தண்ணீரில் அடித்துவிட்டு, படகுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. திரும்ப இந்தப் பக்கம். தலையை நட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரு கண்ணைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, மேல்தட்டில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ இப்படி நடக்கும். ஏதோ ஒரு திமிங்கிலத்துக்குப் படகின்மேல் ஆசை வந்துவிடும், பிடித்துவைத்துக்கொள்ளும். ஐம்பது மீட்டருக்குள் திமிங்கிலம் இருந்தால் புரொப்பெல்லர் சுழலக் கூடாது. அது விரிகுடாவின் விதி. எல்லாப் படகுக்காரர்களையும் கூட்டுறவுச் சங்க ஹாலில் உட்காரவைத்து, முணுமுணுத்தவர்களை முறைத்து, ஒருவர் விடாமல் ஒத்துக்கொள்ள வைத்தவளே ஸ்வாவாதான்.

அவள் கை கியர் கம்பியிலேயே இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? மெதுவாக, மிக மெதுவாக முன்னே எடுத்தால் போதும். தெரிந்தால்தான் என்ன? இன்றைக்கு அவளை யார் கேட்கப் போகிறார்கள்? அவள் எட்டிப் பார்த்தாள். படகின் வால்பக்கத்தில், சரியாகப் புரொப்பெல்லருக்குப் பின்னால், தண்ணீருக்குள் அந்த வெள்ளைக் கை நிதானமாக அசைந்துகொண்டிருந்தது.

“போ,” என்று அவள் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். “போய்த் தொலையேன்.”

அது போகவில்லை. வெளியே பெயாத்தாவின் குரல் சந்தோஷத்தில் கிறீச்சிட்டது. “இன்னைக்கு நாம அதைப் பாக்க வரல. அதுதான் நம்மளப் பாக்க வந்திருக்கு. டிக்கெட் எடுத்துச்சான்னு யாராவது கேளுங்க.” நாற்பது பேரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள், ஆனந்தத்தில்.

ஸ்வாவா எஞ்சினை அணைத்தாள்.

முதலில் திமிங்கிலத்தின்மேல் கோபம் வந்தது. பிறகு ஓட்னியின்மேல், நர்ஸின்மேல், இடுப்புப் பிடித்துக்கொண்ட மாலுமியின்மேல். எல்லாரையும்விட கெஸ்துரின்மேல். எங்கே போயிடப் போறேன் என்றவன். அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் அனுப்பினானா? அவனிடமே கேட்க வேண்டும்போல இருந்தது. அப்புறம் கோபப்பட ஆள் தீர்ந்துபோய், தான் மட்டும் மிச்சமிருந்தாள். அந்தச் சரிவில் ஓடியது ஞாபகம் வந்தது. அழவில்லை. மாலுமி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வயர்லெஸ் மெல்லக் கரகரத்தது. “ஸ்வாவா, நான் கிட்ட வரேன். என் ஆள் உன் படகை ஓட்டட்டும். நீ என்கூட வந்திடு.”

“அம்பது மீட்டர், தோர்பி,” என்றாள். “உள்ள வராத.”

அவன் வரவில்லை. பெரிய வெள்ளைப் படகும் வந்து, ஐம்பது மீட்டர்க் கோட்டுக்கு அப்பால் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. பிறகு வடக்கிலிருந்து இன்னொன்று. அந்தப் படகுகளிலும் பயணிகள் இருந்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள், இதோ கண்ணெதிரே திமிங்கிலம், ஏன் கிட்டே போகவில்லை என்று கேட்டிருப்பார்கள். என்ன பதில் கிடைத்ததோ தெரியாது. மூன்று படகுகளும், மூன்று பாதிக் கொடிகளும், நகராமல் நின்றன. நடுவே கிரீமாவைச் சுற்றித் திமிங்கிலம் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்வாவா கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து போக இடம் இல்லை. உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு முறை மூச்சு தூரத்தில் கேட்டது. அடுத்தது அதைவிடத் தூரத்தில். பிறகு வால் தூக்கி ஆழத்துக்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில் பெயாத்தா சுடச்சுடச் சாக்லெட் பானம் எடுத்துக்கொண்டு சுக்கான் அறைக்கு வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. “இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல. கெஸ்துர்கிட்ட நான்தான் சொல்லுவேன், நீ முந்திக்கக் கூடாது.”

ஸ்வாவா சுக்கானைவிட்டுக் கையை எடுக்காமல் சொன்னாள்: “கெஸ்துர் போயிட்டான், பெயாத்தா.”

பெயாத்தா கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். சாக்லெட் பானம் அவள் விரலில் வழிந்தது; அவள் கவனிக்கவில்லை. “இப்ப நான் அங்க போய் என்ன பேசட்டும்?”

“வழக்கம்போலப் பேசு. பன் குடு.”

அவள் போனாள். ஒலிபெருக்கியில் குரல் வந்தது: “எல்லாரும் லவங்கப்பட்டை பன் எடுத்துக்கோங்க. ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு எடுத்தா கேப்டன் பாத்துடுவாங்க. ஆனா…” இங்கே கெஸ்துர் ஒரு இடைவெளி விடுவான், விட்டுவிட்டு, வீட்டில் நான் தினமும் எடுக்கிறேன், இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பான். பெயாத்தா இடைவெளி விட்டாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. மைக் அணைகிற சத்தம் கேட்டது. பயணிகள் அதுதான் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள், ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கேப்டன் பலகையோரம் நின்று கை கொடுப்பது கிரீமாவின் பழக்கம். ஸ்வாவா கொடுத்தாள். நன்றி, நன்றி என்று ஒவ்வொரு கையும் அவள் கையைக் குலுக்கியது. ஒரு ஜெர்மன்காரக் கிழவி குலுக்கியதோடு விடாமல் கட்டிப்பிடித்து, “என் ஆயுசுலயே நல்ல நாள் இது,” என்றாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, “ஊர் முழுக்கக் கொடி ஏன் பாதியில இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒருத்தர் இறந்துட்டார்.”

“பெரிய மனுஷரா?”

“இல்ல,” என்றாள் ஸ்வாவா. “படகுல மைக் பிடிச்சுப் பேசறவர்.”

சரிவில் ஏறும்போது அவள் ஓடவில்லை. வழியில் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் நேராக உள்ளே போனாள். பூட்ஸோடு, ஆரஞ்சுச் சட்டையோடு, கூடத்து மரத்தரையில் உப்புத் தண்ணீர்த் தடம் பதிய, கட்டில்வரைக்கும் போனாள். அந்த ஊரில் பாதிரியாரே வந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓட்டைக் காலுறையோடுதான் உள்ளே வருவார்.

ஜன்னல் விரியத் திறந்திருந்தது. போகிறவர் போகட்டும் என்று திறந்துவைப்பது வழக்கம். கெஸ்துரின் தலையை வாரியிருந்தார்கள். வகிடு தப்பான பக்கத்தில் இருந்தது. அவன் வாய் மூடியிருந்தது. ஸ்வாவாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த வாய் அப்படி மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

வகிட்டை மாற்ற அவள் கை எழுந்தது. மாற்றவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்னி எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பின்னல் எங்கேயோ போயிருந்தது. இந்த வீட்டில் அவள் நின்று ஸ்வாவா பார்ப்பது இதுதான் முதல்தடவை. சொல்லப் போகிற வார்த்தைக்காக ஸ்வாவா காத்திருந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தாள்.

“நானும் பக்கத்துல இல்ல,” என்றாள் ஓட்னி.

ஸ்வாவா நிமிர்ந்தாள்.

“காப்பி ஊத்திக்கப் போனேன். தூங்கிட்டுத்தானே இருக்கான்னு போனேன். பால் விட்டுக் கலக்கிட்டு வந்தேன். அவ்வளவுதான்.” ஓட்னி போர்வை ஓரத்தை நீவிவிட்டாள். “ஒன்பது நாள் உக்காந்திருந்தேன், ஸ்வாவா. உன்னை வேற அப்படிப் பேசிட்டு.”

வெளியே ஆலாக்கள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தன. திரைச்சீலை உள்ளே வந்து, வெளியே போயிற்று.

ஓட்னி கட்டிலைச் சுற்றி வந்தாள். முழங்கால் வலிக்காரி, கட்டில் கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். ஸ்வாவாவின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் பிரித்தாள். ஸ்வாவா ஒரு காலைத் தூக்கிக் கொடுத்தாள். பிறகு மற்றதை. ஓட்னி அவற்றை வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

சமையலறையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.